தோற்ற அரசரை டேனியர்கள் ஏன் கொண்டாடுகிறார்கள்? நான்காம் கிறிஸ்டியனின் ஆட்சியும் குடும்பமும்

கேள்வி இது: டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்டியன் ஆட்சியில் நாடு நிலத்தையும் பணத்தையும் இழந்தது என்கிறார்கள். அப்படியிருந்தும் கோபன்ஹேகனில் திரும்பிய பக்கமெல்லாம் அவர் பெயர் இருப்பது ஏன்? அவருடைய குடும்பம் எப்படிப்பட்டது?

டென்மார்க்கையும் நார்வேயையும் சேர்த்து 1588 முதல் 1648 வரை, ஏறத்தாழ அறுபது ஆண்டு ஆண்டவர் அவர். டேனிஷ் அரசர்களில் இவ்வளவு காலம் அரியணையில் இருந்தவர் வேறு யாரும் இல்லை. 2024இல் முடிதுறந்த இரண்டாம் மார்கரெத்தே 52 ஆண்டுதான் ஆண்டார். கிறிஸ்டியனின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஒரு விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. யாரிடமும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத ஒரு பணப்பெட்டி அவரிடம் இருந்தது. அவர் கட்டியதும் அதனால்தான், கெட்டதும் அதனால்தான். மனைவியர், பிள்ளைகள், மருமகன்கள் கதைகூடக் கடைசியில் அந்தப் பெட்டியின் பக்கம்தான் போய் நிற்கிறது.

1577 ஏப்ரல் 12 அன்று ஃபிரெடரிக்ஸ்போர்க் அரண்மனையில் பிறந்தார். தந்தை இரண்டாம் ஃபிரெடரிக். தாய் சோஃபி, வட ஜெர்மனியின் மெக்லன்பர்க் குடும்பத்துப் பெண். இவருக்கு மூத்தவர்கள் இருவரும் அக்காமார். அவர்களில் ஆன் ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸை மணந்தார். 1603இல் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானார். அக்கா வீட்டுக்காரர் இங்கிலாந்தின் அரசர் என்ற இந்த உறவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் ஒரு பெரிய போரில் கிறிஸ்டியன் அதை நம்பித்தான் இறங்கினார்.

1588 ஏப்ரலில் தந்தை இறந்தபோது சிறுவனுக்குப் பதினொரு வயது நிறைய எட்டு நாள் பாக்கி. அன்றைய டென்மார்க்கில் அரசரின் மகன் தானாக அரசராகிவிட முடியாது. பிரபுக்கள் சபை அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவரும் தன் அதிகாரத்துக்கு எல்லை வகுக்கும் ஓர் உறுதிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். சபையின் ஒப்புதல் இல்லாமல் போர் தொடுக்கக் கூடாது என்பது அதில் முக்கியமானது. சிறுவனைத் தந்தையின் காலத்திலேயே தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்பதால் வாரிசுச் சிக்கல் எழவில்லை. ஆனால் அவர் வளரும்வரை ஆட்சியை நான்கு பிரபுக்கள் நடத்தினார்கள். வேந்தவை அமைச்சர் நீல்ஸ் காஸ் அவர்களில் தலைவர்.

தாய் சோஃபி தானே ஆட்சிப் பொறுப்பேற்க விரும்பினார். ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் சிற்றரசுகளிலாவது மகன் சார்பில் ஆளும் உரிமை வேண்டும் என்று போராடினார். சபை விடவில்லை. 1594இல் அவரை ஃபால்ஸ்டர் தீவில் உள்ள நிக்கோபிங் அரண்மனைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாள் அங்கே மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. தன் பங்கு நிலங்களைத் திறமையாக நிர்வகித்து, விளைந்ததை விற்று, வந்த பணத்தை வட்டிக்கு விட்டு, ஐரோப்பாவின் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருவரானார். மருமகன் ஜேம்ஸும் அவரிடம் கடன் வாங்கினார், மகன் கிறிஸ்டியனும் வாங்கினார். 1631இல் அவர் இறக்கும்வரை டேனிஷ் அரசியலில் அவர் பணம் பேசிக்கொண்டே இருந்தது. வரலாற்று நூல்கள் இவருக்கு இரண்டு வரிதான் ஒதுக்குகின்றன. அது நியாயமல்ல. மகனின் ஆட்சியில் கடைசிவரை வரவையும் செலவையும் சரியாகக் கணக்குப் பார்த்த ஒரே ஆள் இவர்தான் என்று நான் நினைக்கிறேன்.

1596 ஆகஸ்டில், பத்தொன்பது வயதில், கோபன்ஹேகனில் முடிசூட்டு விழா நடந்தது. அதற்கென்றே ஓடென்சே ஊர்ப் பொற்கொல்லர் டிரிக் ஃபைரிங் செய்த தங்கக் கிரீடம் இன்றும் ரோசன்போர்க் அரண்மனையில் இருக்கிறது. இந்தக் கிரீடத்தைப் பற்றிப் பிறகு மறுபடி சொல்ல வேண்டி வரும்.

இப்போது அந்தப் பணப்பெட்டிக்கு வருவோம். பால்டிக் கடலுக்குள் நுழையும் கப்பல்கள் பெரும்பாலும் ஓரெசுண்ட் நீரிணை வழியாகத்தான் போக வேண்டும். ஹெல்சிங்கோர் ஊருக்கு எதிரே அதன் அகலம் நான்கு கிலோமீட்டர்தான். அன்று அதன் இரண்டு கரைகளும் டென்மார்க்கினுடையவை. இன்று தெற்கு ஸ்வீடனாக இருக்கும் ஸ்கோனே அப்போது டேனிஷ் மாகாணம். போலந்தின் தானியம், பின்லாந்தின் தார், ரஷ்யாவின் சணல், மெழுகு, பாய்மரத்துக்கான மரம் என மேற்கு ஐரோப்பாவின் கப்பல் கட்டும் தொழிலுக்கும் சமையலறைக்கும் தேவையான அனைத்தும் இந்த வாசல் வழியாகத்தான் போயின. ஒவ்வொரு கப்பலும் குரோன்போர்க் கோட்டையின் பீரங்கிகளுக்கு முன் நங்கூரமிட்டுச் சுங்கம் கட்டியாக வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டில் தொடங்கிய இந்த வசூல் 1857 வரை நடந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. சரக்கின் மதிப்பைக் கப்பல் தலைவனே சொல்லலாம், அதற்கேற்ப வரி. ஆனால் அவன் சொன்ன விலைக்கே சரக்கு முழுவதையும் வாங்கிக்கொள்ளும் உரிமை அரசருக்கு இருந்தது. குறைத்துச் சொன்னால் சரக்கே போய்விடும், கூட்டிச் சொன்னால் வரி ஏறும். சோதனை போடாமலே உண்மையை வரவழைக்கும் இந்த ஏற்பாட்டைப் பொருளியல் பாடங்களில் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஓரெசுண்ட் சுங்கம் நாட்டின் பொதுக் கருவூலத்துக்குப் போகவில்லை, அரசரின் சொந்தப் பெட்டிக்குப் போனது. அக்கால ஐரோப்பிய அரசர் ஒருவர் போருக்கோ அரண்மனைக்கோ பணம் வேண்டுமானால் பிரபுக்களிடமோ நாடாளுமன்றத்திடமோ கையேந்த வேண்டும். கிறிஸ்டியனுக்கு அந்தத் தேவை இல்லை. உறுதிப் பத்திரம் அவர் கையைக் கட்டியது, சுங்கம் அதை அவிழ்த்துவிட்டது.

அந்தப் பணத்தில் அவர் கட்டியவற்றைப் பட்டியலிட்டால் பதில் முடியாது. பிறந்த இடமான ஃபிரெடரிக்ஸ்போர்க்கை இடித்துவிட்டு ஏரியின் நடுவே பிரம்மாண்டமான புது அரண்மனை எழுப்பினார். நகரத்துக்கு வெளியே தோட்ட மாளிகையாகத் தொடங்கிய ரோசன்போர்க் அவருக்கு மிகப் பிடித்த வீடானது. அதன் கூடத்துக்குக் கீழே நிலவறையில் இசைக்கலைஞர்களை உட்காரவைத்து, தரையில் பதித்த குழாய்கள் வழியாக இசை மேலே வரும்படி அமைத்தார். விருந்தினர்களுக்கு இசை கேட்கும், இசைப்பவர் யாரும் தெரியமாட்டார். லூட் என்ற நரம்புக்கருவியில் இங்கிலாந்தின் மேதையான ஜான் டௌலண்டைப் பல ஆண்டுகள் தன் அவையில் வைத்திருந்தார். துறைமுகத்தருகே வணிகர்களுக்காகப் பங்குமாற்றகக் கட்டடம், கடற்படையினர் குடும்பங்களுக்காக நிபோதர் குடியிருப்பு வரிசைகள், கிறிஸ்டியான்ஷாவன் என்ற புதிய நகரப் பகுதி ஆகியவை எல்லாம் அவர் காலத்தவை. நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு மேலேறும் கோபுரத்தைத் தாங்கிய அந்தப் பங்குமாற்றகம்தான் 2024 ஏப்ரல் 16 அன்று தீப்பிடித்துப் பெரும்பகுதி அழிந்தது. கோபன்ஹேகன் மக்கள் தெருவில் நின்று அழுததும், உள்ளே இருந்த ஓவியங்களைத் தோளில் சுமந்து வெளியே ஓடியதும் செய்தியில் வந்ததே, அதே கட்டடம்தான்.

நார்வேயையும் அவர் மறக்கவில்லை. மற்ற டேனிஷ் அரசர்கள் தொலைவிலிருந்தே ஆண்ட அந்த நாட்டுக்கு அவர் பலமுறை போனார். 1599இல் ஐரோப்பாவின் வடமுனையைச் சுற்றி வெள்ளைக் கடல் பக்கம் வரை கப்பலில் போனபோது, "கேப்டன் கிறிஸ்டியன் ஃபிரெடரிக்சன்" என்று பெயர் வைத்துக்கொண்டு தானே கடலோடியாகப் போனார். 1624இல் ஆஸ்லோ எரிந்து சாம்பலானதும், நகரத்தை ஆகர்ஷுஸ் கோட்டையின் கீழே இடம் மாற்றிப் புதிதாகக் கட்டச் சொல்லி அதற்கு கிறிஸ்டியானியா என்று பெயரிட்டார். 1925 வரை அதுதான் அந்த நகரத்தின் பெயர். காங்ஸ்பெர்க் வெள்ளிச் சுரங்க நகரமும், தெற்கே கிறிஸ்டியான்சாண்ட் துறைமுகமும் அவர் நிறுவியவையே.

வானியலாளர் டைக்கோ பிராஹேயின் கதையை இங்கே சொல்லாமல் விட முடியாது. தந்தை ஃபிரெடரிக், பிராஹேக்கு வென் தீவையே கொடுத்து வானாய்வு மையம் கட்ட உதவியவர். இளைஞர் கிறிஸ்டியன் ஆட்சிக்கு வந்ததும் அந்த மானியங்களை வெட்டினார். தன் குடியானவர்களை பிராஹே மோசமாக நடத்திய புகார்களும் இருந்தன. 1597இல் மனம் கசந்து நாட்டைவிட்டுப் போன பிராஹே திரும்பவே இல்லை. நாற்பதாண்டு கழித்து அதே கிறிஸ்டியன் கோபன்ஹேகன் நடுவில் பல்கலைக்கழக வானியலாளர்களுக்காக வட்டக் கோபுரத்தைக் கட்டினார். 1642இல் முடிந்தது. உள்ளே படிக்கட்டுக்குப் பதிலாக 209 மீட்டர் நீளச் சாய்தளம் ஏழரைச் சுற்று சுற்றி மேலே போகிறது. கனமான கருவிகளை ஏற்றிச் செல்ல அது வசதி. அங்கே முதலில் பொறுப்பேற்றவர் பிராஹேயின் பழைய உதவியாளர் லாங்கோமொன்டானுஸ். முகப்பில் தங்க எழுத்தும் படங்களும் கலந்த ஒரு விடுகதை வாசகம் உண்டு. அதை அரசரே வரைந்து கொடுத்தார், அவர் கைப்பட எழுதிய வரைவு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. எதையும் தானே வரைந்து, தானே அளந்து, தானே எழுதினால்தான் அவருக்குத் திருப்தி. அவர் கையால் எழுதிய கடிதங்கள் மட்டும் சுமார் 3,000 எஞ்சியுள்ளன. சமையல்காரரின் சம்பளம், கப்பல் பலகையின் தடிமன், ஒரு மகளின் உடைக்கான துணி என்று எல்லாம் அவற்றில் வரும்.

தமிழர்களுக்கு இவரோடு நேரடித் தொடர்பு உண்டு: தரங்கம்பாடி. 1616இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இவர் அனுமதிப் பத்திரம் கொடுத்தார். முதலீட்டில் பெரும்பங்கும் இவர் தலையிலேயே விழுந்தது. முதலில் குறி இலங்கைதான். கண்டி மன்னர் செனரத்திடம் பணிசெய்த போஷோவர் என்ற டச்சுக்காரர் கோபன்ஹேகனுக்கு வந்து, போர்த்துக்கீசியரை விரட்ட உதவினால் வணிக உரிமை கிடைக்கும் என்று வாக்களித்தார். அதை நம்பி 1618இல் இளைஞர் ஓவே கெடேயின் தலைமையில் கப்பல்கள் கிளம்பின. போஷோவர் வழியிலேயே இறந்துபோனார். கண்டி மன்னரோ அவர் செய்த ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தார். இதற்கிடையே முன்னால் போன ஒரு சிறு கப்பலைப் போர்த்துக்கீசியர் காரைக்கால் அருகே மூழ்கடித்தனர். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே தஞ்சாவூர் போய் இரகுநாத நாயக்கரைச் சந்தித்தார். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது, தரங்கம்பாடிக் கடற்கரையில் டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. கிறிஸ்டியனுக்கு நாயக்கர் அனுப்பிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது.

வணிகத்தில் மிளகுக்குப் பதில் கடன்தான் விளைந்தது. 1640க்குப் பிறகு கிட்டத்தட்ட முப்பது ஆண்டு டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூடத் தரங்கம்பாடிக்குக் கிளம்பவில்லை. ஆனாலும் இடம் கைவிடப்படவில்லை. கிறிஸ்டியனின் கொள்ளுப்பேரன் நான்காம் ஃபிரெடரிக் அனுப்பித்தான் 1706இல் ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். தமிழ் அச்சுக்கலையின் ஒரு முக்கியமான அத்தியாயம் அங்கே தொடங்கியது. 1845இல் பிரிட்டிஷ் கம்பெனிக்கு விற்கும்வரை ஊர் டேனிஷ் கையில் இருந்தது. இதே ஆர்வம் அவரை மேற்கிலும் இழுத்தது. ஆசியாவுக்கு வடமேற்கு வழி தேடி 1619இல் யென்ஸ் முங்க்கை இரண்டு கப்பல்களோடு அனுப்பினார். கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் பனிக்காலத்தைக் கழித்த அறுபதுக்கும் மேற்பட்டவர்களில் முங்க்கையும் சேர்த்து மூன்று பேர்தான் உயிரோடு திரும்பினார்கள்.

இனிக் குடும்பம். 1597இல் பிராண்டன்பர்க் குடும்பத்து ஆன் கேத்தரினை மணந்தார். பக்தியும் அமைதியும் உள்ள பெண் என்பதைத் தவிர அவரைப் பற்றி அதிகம் தெரிவதில்லை. மூத்த குழந்தை தொட்டிலிலேயே இறந்தது. வளர்ந்து ஆளான மகன்கள் மூவர்: பட்டத்து இளவரசர் கிறிஸ்டியன், ஃபிரெடரிக், உல்ரிக். 1612இல் அரசி இறந்தார்.

மூன்றாண்டு கழித்து, 1615இன் கடைசி நாளில், 38 வயது அரசர் 17 வயது கிர்ஸ்டன் முங்க்கை மணந்தார். பிரபு குலத்துப் பெண், ஆனால் அரச குலம் அல்ல. எனவே இது சமநிலை இல்லாத் திருமணம்: மனைவி அரசியாக மாட்டார், பிள்ளைகளுக்கு அரியணை உரிமை இல்லை. கிர்ஸ்டனின் தாய் எலன் மார்ஸ்வின், நாட்டிலேயே பெரிய நிலச் சொந்தக்காரிகளில் ஒருவர், மகளை வெறும் ஆசைநாயகியாகக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. சட்டப்படியான மணம் வேண்டும், சீர் வேண்டும் என்று பேரம் பேசி முடித்தார். கிர்ஸ்டனுக்குப் பன்னிரண்டு குழந்தைகள் பிறந்தன, சில பிறந்தவுடனே இறந்தன. மீதியில் ஒரே மகன் வால்டெமார், மற்றவர்கள் பெண்கள். அரசர் இந்தப் பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தார். அவர்களில் அப்பாவுக்கு மிகப் பிடித்தவர் 1621இல் பிறந்த லியோனோரா கிறிஸ்டினா.

பிறகு வீடு உடைந்தது. ஜெர்மனியிலிருந்து வந்து டேனிஷ் படையில் இருந்த ரைன்கிராஃப் ஓட்டோ லுட்விக் என்ற அதிகாரியோடு கிர்ஸ்டனுக்கு உறவு ஏற்பட்டது. 1629இல் பிறந்த கடைசிப் பெண் குழந்தையைத் தன்னுடையதல்ல என்று அரசர் மறுத்துவிட்டார். நாட்களை எண்ணிப் பார்த்துக் கடிதங்களில் திரும்பத் திரும்ப எழுதினார். கிர்ஸ்டனை டென்மார்க்கின் குடாநாடான யூட்லாந்துக்கு அனுப்பி, அவர் தன் மனைவியே அல்ல என்று நிறுவக் கடைசிவரை முயன்றார். அந்த இடத்துக்கு வந்தவர் கிர்ஸ்டனிடமே பணிப்பெண்ணாக இருந்த விபேகே குருசே. அவருக்கும் இரண்டு பிள்ளைகள். இவற்றுக்கு முன்னரும் வேறு பெண்களிடம் பிறந்த மகன்கள் உண்டு, அவர்களுக்கு கில்டென்லோவே என்ற குடும்பப் பெயர் கொடுத்தார். ஆக இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பலர் பெரிய பதவிகளில் இருந்தாலும் அரியணைக்கு உரியவர்கள் ஆன் கேத்தரின் பெற்ற மகன்கள் மட்டுமே. இந்தக் கோடு அரண்மனைக்குள் என்ன பகையை வளர்த்தது என்பது அவர் இறந்த பிறகே முழுதாகத் தெரிந்தது.

போர்களில் முதலாவது அவருக்கு நல்லபடி முடிந்தது, அதுவே கெடுதலாயிற்று. ஸ்வீடனோடு போர் வேண்டும் என்று அவர் துடித்தார், பிரபுக்கள் சபை தயங்கியது. டென்மார்க் அரசராக முடியாவிட்டால், இந்தச் சபையின் ஒப்புதல் தேவைப்படாத ஹோல்ஸ்டைன் சிற்றரசராகவே போர் தொடுப்பேன் என்று மிரட்டி 1611இல் சம்மதிக்க வைத்தார். 1613இல் சமாதானம். எல்ப்ஸ்போர்க் கோட்டையைத் திருப்பித் தர ஸ்வீடன் பத்து லட்சம் வெள்ளி டாலர் மீட்புப் பணம் கட்ட வேண்டியதாயிற்று. ஆறு ஆண்டில் கட்டியும் முடித்தது. அந்தப் பணத்தின் பெரும்பகுதியும் அரசரின் பெட்டிக்கே போனது. 1620 வாக்கில் அவர் ஐரோப்பாவின் பெரும் பணக்கார அரசர்களில் ஒருவர், மற்ற அரசர்களுக்கும் நகரங்களுக்கும் வட்டிக்குக் கடன் கொடுப்பவர்.

இங்கேதான் எல்லாம் திரும்புகிறது. ஜெர்மனியில் கத்தோலிக்கர்களுக்கும் ப்ராட்டஸ்டன்ட்களுக்கும் இடையே முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ப்ராட்டஸ்டன்ட் தரப்புக்குத் தலைமை தாங்கவும், ஆயர்களே ஆளும் வட ஜெர்மன் மாநிலங்களில் தன் மகன்களை அமர்த்தவும் கிறிஸ்டியன் ஆசைப்பட்டார். சபை வேண்டாம் என்றது. இந்த முறை மிரட்டலோடு நிற்காமல் ஹோல்ஸ்டைன் சிற்றரசராகத் தன் சொந்தப் பணத்தில் 1625இல் இறங்கினார். அக்கா குடும்பத்து இங்கிலாந்து மாதம் 30,000 பவுண்டு தருவதாகச் சொன்னது. ஜேம்ஸ் இறந்து அவர் மகன் சார்லஸ் அரசராகியிருந்தார், அவரிடம் பணம் இல்லை. முதல் தவணைக்குப் பிறகு பெரிதாக எதுவும் வரவில்லை. போர் தொடங்கிய கோடையிலேயே ஹாமெல்ன் நகரக் கோட்டைமதிலில் குதிரையோடு கீழே விழுந்து சாகப் பிழைத்தார். 1626 ஆகஸ்டில் லுட்டர் என்ற ஊருக்கருகே கத்தோலிக்கத் தளபதி டில்லியிடம் படை நொறுங்கியது. அடுத்த ஆண்டு ஜெர்மானியப் பேரரசரின் தளபதி வாலன்ஸ்டைன் யூட்லாந்து முழுவதையும் பிடித்தார். இரண்டு ஆண்டுக்கு அந்தக் குடாநாட்டைப் படைகள் மொட்டையடித்தன. தீவுகளைக் கடற்படைதான் காப்பாற்றியது. 1629இல் லூபெக் உடன்படிக்கை அவர் நிலங்களைத் திருப்பித் தந்தது, ஜெர்மன் விவகாரங்களில் தலையிடுவதில்லை என்று ஒப்புக்கொள்ள வைத்தது. நிலம் போகவில்லை என்பது ஆச்சரியம். போனது பணமும், சபையின் மேல் அவருக்கிருந்த பிடியும். மனைவியோடு முறிவு வந்ததும் அதே ஆண்டுகளில்தான்.

டென்மார்க்கில் அவரைப் புகழ்பவர்கள் எளிதில் தாண்டிப்போகும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1617இல் அவர் பிறப்பித்த சூனியச் சட்டம், சாத்தானோடு உடன்பட்டவர்கள் என்று தீர்ப்பானவர்களைத் தீயிட்டுக் கொல்லச் சொன்னது. அதிகாரிகள் புகாருக்குக் காத்திராமல் வழக்குப் போடக் கடமைப்பட்டவர்கள் ஆனார்கள். அடுத்த எட்டு ஆண்டுகளில் வழக்குகள் மளமளவென்று பெருகின. மாட்டியவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கிராமத்துப் பெண்கள். நார்வேயின் வடகோடி வார்டோவில் பதினேழாம் நூற்றாண்டில் கொல்லப்பட்ட 91 பேருக்கு இன்று நினைவிடம் உண்டு. கட்டடங்களை அவர் கணக்கில் வைக்கும்போது இதையும் அதே கணக்கில் வைக்க வேண்டும்.

வெறுமையான பெட்டியை நிரப்ப அவருக்குத் தெரிந்த வழி ஓரெசுண்ட் சுங்கம்தான். 1630களின் இறுதியில் அதைத் தாறுமாறாக ஏற்றினார். அந்த வாசலில் அதிகம் போய்வந்த டச்சுக்காரர்கள் கொதித்தார்கள், 1640இல் ஸ்வீடனோடு கூட்டுச் சேர்ந்தார்கள். 1643 டிசம்பரில் ஸ்வீடன் தளபதி டார்ஸ்டென்சன் போர் அறிவிப்பே இல்லாமல் தெற்கிலிருந்து புகுந்து யூட்லாந்தை மறுபடி பிடித்தார். டச்சு வணிகர்கள் திரட்டிய கப்பல்கள் ஸ்வீடனுக்குத் துணைபோயின. அன்பளிப்பாக வாங்காமல் மிரட்டி வாங்கிய ஒவ்வொரு காசுக்கும் இப்போது விலை கேட்கப்பட்டது.

1644 ஜூலை 1. கோல்பெர்கர் ஹைடே என்ற இடத்தில் கடற்போர். அரசருக்கு 67 வயது. "திரித்துவம்" என்ற கப்பலின் மேல்தளத்தில் நின்றிருந்தார். எதிரியின் குண்டு ஒன்று பீரங்கி மேல் மோதிச் சிதறியதில் பக்கத்தில் நின்ற பலர் இறந்தார்கள், அரசரும் சாய்ந்தார். செத்துவிட்டார் என்று நினைத்தபோது எழுந்து நின்று போரைத் தொடரச் சொன்னார். வலது கண் பார்வை போனது, உடம்பெல்லாம் காயம். அன்று அவர் அணிந்திருந்த இரத்தக்கறை படிந்த உடை ரோசன்போர்க்கில் இருக்கிறது. டென்மார்க்கின் அரச கீதம் தொடங்குவதே, உயர்ந்த பாய்மரத்தின் அருகே கிறிஸ்டியன் நின்ற இந்தக் காட்சியோடுதான். உங்கள் கேள்விக்கு விடையின் ஒரு பாதி இது. உடன் நின்று அடிவாங்கிய அரசர் என்பதை மக்கள் மறக்கவில்லை.

போர் அதனால் மாறிவிடவில்லை. ஸ்வீடன் கப்பல்களைக் கீல் விரிகுடாவிலிருந்து தப்பவிட்டதற்காக முதிய கடற்படைத் தலைவர் பீட்டர் கால்ட்டின் தலையை வெட்டினார்கள். சில மாதங்களில் டேனிஷ் கடற்படையே ஃபேமார்ன் அருகே அழிந்தது. 1645 பிரோம்செப்ரோ உடன்படிக்கையில் கோட்லாந்து, ஓசெல் தீவுகளும், யெம்ட்லாந்து, ஹெர்யெடாலன் மாகாணங்களும் ஸ்வீடனுக்குப் போயின. ஹல்லாந்த் மாகாணத்தை (டச்சுக்காரர்களின் ஹாலந்து அல்ல) முப்பது ஆண்டுக்குப் பிணையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்வீடன் கப்பல்களுக்குச் சுங்கம் முழுதாக ரத்து. டச்சுக்காரர்களுக்கும் குறைத்தாக வேண்டியதாயிற்று. நாட்டின் மேல் அவருக்குச் சுதந்திரம் தந்த அந்த வருமானம் அன்றோடு சுருங்கிப்போனது.

கடைசி ஆண்டுகளில் அதிகாரம் மருமகன்கள் கைக்குப் போனது. கிர்ஸ்டனின் மகள்களை அவர் பெரிய பிரபுக்களுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார், அவர்கள் தன் பக்கம் நிற்பார்கள் என்ற கணக்கில். லியோனோராவின் கணவர் கார்ஃபிட்ஸ் உல்ஃபெல்ட் நாட்டின் முதன்மை அமைச்சரானார். இன்னொரு மகளின் கணவர் ஹன்னிபால் செஹெஸ்டெட் நார்வேயின் ஆளுநர். இருவரும் மாமனாரைத் தாங்குவதற்குப் பதில் சபையோடு சேர்ந்து நெருக்கினார்கள். தங்கள் மாமியார் கிர்ஸ்டனுக்குப் பழைய மதிப்பு வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. வால்டெமார் ரஷ்ய சாரின் மகளை மணக்கப் போய், மதம் மாற மறுத்ததால் மாஸ்கோவில் 1645 வரை அடைபட்டுக் கிடந்தார். 1647இல் பட்டத்து இளவரசர் வாரிசில்லாமல் இறந்தார். முடிசூட்டிய அந்தத் தங்கக் கிரீடம் ஹாம்பர்க்கில் அடகில் இருந்தது.

1648 பிப்ரவரியில் ஃபிரெடரிக்ஸ்போர்க்கில் படுத்திருந்தவர், ரோசன்போர்க்குக்கே கொண்டுபோகச் சொன்னார். பனிச்சறுக்கு வண்டியில் கொண்டுவந்தார்கள். 28ஆம் தேதி அங்கே இறந்தார். உடல் ரோஸ்கில்டே பேராலயத்தில் அவரே கட்டிய தேவாலயத்தில் இருக்கிறது. அவர் கண்மூடியதும் விபேகேயை அரண்மனையிலிருந்து விரட்டினார்கள். சில வாரங்களில் அவரும் இறந்தார்.

இறந்த பட்டத்து இளவரசருக்கு அடுத்த மகன் ஃபிரெடரிக், மூன்றாம் ஃபிரெடரிக்காக அரியணை ஏற, அப்பா கையெழுத்திட்டதைவிடக் கடுமையான உறுதிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஆனால் காத்திருந்தார். 1658இல் ஸ்வீடனிடம் ஸ்கோனேயையும் இழந்து நாடு அதிர்ந்து நின்றபோது, 1660இல் நகரத்தாரின் ஆதரவோடு பிரபுக்கள் சபையை ஒழித்து வாரிசுரிமையுள்ள முழு முடியாட்சியை நிறுவினார். அப்பா பணத்தால் சுற்றி வந்த கட்டை மகன் அறுத்தே எறிந்தார்.

உல்ஃபெல்ட் 1651இல் ஸ்வீடனுக்கு ஓடி, சொந்த நாட்டுக்கு எதிராகவே உடன்படிக்கை பேசினார். அவர் செய்ததற்கு விலை கொடுத்தவர் மனைவி. கொடுத்த கடனை இரண்டாம் சார்லஸிடம் கேட்க இங்கிலாந்து போன லியோனோரா கிறிஸ்டினாவை 1663இல் பிடித்து டென்மார்க்கிடம் ஒப்படைத்தார்கள். அவரை ஜென்மப் பகையாக நினைத்தவர் ஃபிரெடரிக்கின் அரசி சோஃபி அமாலியே. வழக்கு, தீர்ப்பு எதுவும் இல்லாமல் கோபன்ஹேகன் அரண்மனையின் நீலக் கோபுரத்தில் ஏறத்தாழ 22 ஆண்டு அடைத்து வைத்தார்கள். 1685இல் சோஃபி அமாலியே இறந்த பிறகுதான் கதவு திறந்தது. மாரிபோ என்ற ஊரில் வாழ்ந்து 1698இல் காலமானார். சிறையில் கண்டதையும் பட்டதையும் அவர் எழுதிவைத்த கைப்பிரதி வழித்தோன்றல்களிடம் இருந்து 1869இல்தான் அச்சுக்கு வந்தது. டேனிஷ் உரைநடையின் முதல் வரிசையில் அதை வைக்கிறார்கள். தன் அப்பாவைப் பற்றி அவர் பேசும் இடங்களில் மன்னரைப் பற்றிய புகழ்ச்சிகள் எதுவும் காட்டாத மனிதர் தெரிவார். இந்தக் குடும்பத்தைப் பற்றி மேலும் படிக்க நினைப்பவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.